ஓநாய் என்ன தவறு செய்தது? நார்ஸ் புராணங்களையும் இளையோர் நாவல்களையும் பரிந்துரைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது நான் கொடுத்த முதல் நார்ஸ் புத்தகம் தவறான புத்தகம். நார்ஸ் என்பது வைக்கிங் என்ற கடலோடிகள் வாழ்ந்த பழைய ஸ்காண்டிநேவியாவைக் குறிக்கும் சொல். மார்வெல் படங்களில் தோரையும் லோக்கியையும் பார்த்துவிட்டு, “இவர்களைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா சித்தி?” என்று கேட்டாள். ஆசை மிகுதியில், பழைய பாடல்களின் தொகுப்பும் மூலநூலுமான ‘செய்யுள் எட்டா’வின் ஆங்கில மொழிபெயர்ப்பையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. “யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை” என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்தப் பாடல்களைப் பாடியவர்கள், கேட்கிறவர்களுக்குக் கதை முன்பே தெரியும் என்று நம்பிப் பாடினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு மின்வெட்டு இரவில், கையில் புத்தகம் எதுவும் இல்லாமல், ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டிப்போட்ட கதையைச் சொன்னேன். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “அந்த ஓநாய் என்ன தவறு செய்தது?”

அன்றிலிருந்து அவளுக்கும் அவள் தோழிகளுக்கும், பிறகு பெரியவர்கள் பலருக்கும் இந்தப் புத்தகங்களைக் கொடுத்து வருகிறேன். யாருக்கு எதை, எந்த வரிசையில் கொடுப்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இதில் வரும் நாவல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் படிக்கக் கிடைப்பவை.

முதல் படி: புத்தகத்துக்கு முன் ஆளைப் பாருங்கள்

‘நார்ஸ் புராணத்துக்கு நல்ல புத்தகம் எது?’ என்று கேட்பவருக்கு உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் படித்தீர்கள்? ஆங்கிலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் தடையில்லாமல் ஓடும்? கதையில் பிடித்த பாத்திரம் செத்துப்போனால் புத்தகத்தை மூடிவிடுவீர்களா, இன்னும் ஆர்வமாகப் படிப்பீர்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இந்தப் புராணத்தில் தெய்வங்களே சாகின்றன. தாங்கள் சாகப்போவதும் அவற்றுக்குத் தெரியும். தெய்வங்களின் தலைவரான ஓடினை ஃபென்ரிர் விழுங்கும். தோர் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொன்றுவிட்டு, அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து விழுவான். இவ்வளவும் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. இதைக் கேட்டதும் கண் விரிகிறவர்கள் உண்டு, முகம் சுருங்குகிறவர்களும் உண்டு. இரு வகையினருக்கும் நாவல் இருக்கிறது, ஆனால் ஒரே நாவல் அல்ல.

இரண்டாம் படி: ஒரு கதையை வாயால் சொல்லுங்கள்

புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து ஒரு கதை சொல்வது எந்தப் பின்னட்டைக் குறிப்பையும்விட வேலை செய்யும். நான் எப்போதும் ஃபென்ரிரின் கதையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் சொல்லலாம் என்பதால் முழுதாகவே தருகிறேன்.

தெய்வங்களோடு வாழும் சூதுக்காரனான லோக்கிக்கு ஆங்கர்போடா என்ற அரக்கியிடம் மூன்று பிள்ளைகள். ஓர் ஓநாய், ஒரு பாம்பு, ஹெல் என்ற ஒரு பெண். இந்த மூவரால் பெருங்கேடு வரும் என்று குறி சொல்லப்பட்டிருந்தது. தெய்வங்கள் மூவரையும் தாயிடமிருந்து பிடித்து வந்தன. பாம்பைக் கடலில் எறிந்தார்கள். ஹெல்லை இறந்தவர்களின் உலகத்துக்குத் துரத்தினார்கள். ஓநாய்க்குட்டியைத் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஆனால் அதன் அருகே போய் இரை கொடுக்கும் துணிச்சல் டீர் என்ற ஒருவனுக்கு மட்டுமே இருந்தது.

குட்டி நாளுக்கு நாள் வளர்ந்தது. பயந்துபோன தெய்வங்கள் ஒரு பெரிய சங்கிலியைச் செய்து கொண்டுவந்து, “உன் பலத்தைக் காட்டு பார்க்கலாம்” என்றார்கள். ஓநாய் ஒரே உதையில் அறுத்தது. இரண்டு மடங்கு வலிமையான இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் தெறித்தது. மூன்றாவதைச் செய்யக் குள்ளர்களிடம் ஆள் அனுப்பினார்கள். குள்ளர்கள் ஆறு பொருள்களைச் சேர்த்துத் திரித்தார்கள்: பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். வந்து சேர்ந்தது பட்டு நாடா போன்ற மெல்லிய கயிறு. அதன் பெயர் கிளெய்ப்னிர்.

ஓநாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மெல்லிய நாடாவை அறுப்பதில் என்ன புகழ்? இதில் சூது இருக்கிறது. “உங்களில் ஒருவர் நம்பிக்கைக்கு அடையாளமாகத் தன் கையை என் வாயில் வைக்கட்டும், கட்டிக்கொள்கிறேன்” என்றது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீர் தன் வலக்கையை வைத்தான். ஓநாய் இழுக்க இழுக்கக் கயிறு இறுகியது. எல்லாரும் சிரித்தார்கள், டீரைத் தவிர. அவன் கையை இழந்தான்.

கதை அவ்வளவுதான். ‘எல்லாரும் சிரித்தார்கள், டீரைத் தவிர’ என்ற இடத்தில் சற்று நிறுத்துங்கள். எதையும் விளக்க வேண்டாம். ஆறு பொருள்களைச் சொல்லும்போது விரல்விட்டு எண்ணுங்கள், சிறு பிள்ளைகள் கூடவே எண்ணுவார்கள். பூனை நடந்தால் ஏன் சத்தம் கேட்பதில்லை, மலைக்கு ஏன் வேர் இல்லை என்பதற்கெல்லாம் இந்தக் கயிறுதான் காரணம் என்று பழைய நூலிலேயே இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

இளையோருக்கு இந்தப் புராணம் ஏன் பொருந்துகிறது

என் அக்கா மகள் கேட்டதற்கு மூலநூலில் பதில் இல்லை. ஓநாய் அதுவரை யாரையும் கடித்ததாகச் சொல்லப்படவில்லை. வருங்காலத்தில் கேடு செய்யும் என்ற பயத்தில் கட்டிப்போட்டார்கள். கட்டிப்போட்டதாலேயே அது பகைவனாயிற்றோ என்ற எண்ணம் படிக்கிறவருக்கு வராமல் போகாது. பெரியவர்களின் பயம் பிள்ளைகளின் மீது விழுகிற கதை இது. இளையோர் நாவல்கள் திரும்பத் திரும்பத் தொடுவதும் இந்த இடத்தைத்தான்.

இன்னொன்றும் உண்டு. உலக முடிவான ரக்னரோக்கில் யார் யார் பிழைக்கிறார்கள் என்று பாருங்கள். ஓடின் இல்லை, தோர் இல்லை, லோக்கி இல்லை. பிழைப்பது ஓடினின் மகன்கள் விதாரும் வாலியும், தோரின் மகன்கள் மோதியும் மாக்னியும். தந்தையின் சுத்தியலை மகன்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சூரியனை ஓநாய் விழுங்குவதற்கு முன் அவள் ஒரு மகளைப் பெற்றுவிடுகிறாள். அந்த மகள் தாய் சென்ற பாதையில் செல்கிறாள். சத்தியத்தை மீறி, பகையைத் தேடிக்கொண்ட மூத்தவர்கள் போய்விட, மிச்சமிருக்கும் உலகம் பிள்ளைகளின் கைக்கு வருகிறது.

மாக்னியைப் பற்றி ஒரு குட்டிக் கதை இருக்கிறது. ஹ்ருங்னிர் என்ற அரக்கனைத் தோர் கொன்றபோது அரக்கனின் கால் தோரின் கழுத்தில் விழுந்து அழுத்தியது. தெய்வங்கள் எல்லாம் சேர்ந்தும் அந்தக் காலைத் தூக்க முடியவில்லை. சின்னஞ்சிறு குழந்தையான மாக்னி வந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, “கொஞ்சம் முன்பே வந்திருந்தால் இவனை என் கையாலேயே குத்திக் கொன்றிருப்பேன் அப்பா” என்கிறான். மகிழ்ந்துபோன தோர் அரக்கனின் குதிரையை மகனுக்குப் பரிசாகக் கொடுத்தான். உடனே ஓடின், “இவ்வளவு நல்ல குதிரையை உன் அப்பாவுக்குக் கொடுக்காமல் அரக்கியின் மகனுக்குக் கொடுத்துவிட்டாயே” என்று குறைப்பட்டுக்கொண்டார். மூன்று தலைமுறையின் மனமும் இந்தச் சின்னக் காட்சியில் இருக்கிறது.

மூன்றாம் படி: அடித்தளத்துக்கு ஒரு மறுகூறல்

நாவலுக்கு முன் முப்பது, நாற்பது பக்கமாவது பழைய கதைகளை எளிய உரைநடையில் படித்திருப்பது நல்லது. நாவலாசிரியர் எதை மாற்றினார் என்பது அப்போதுதான் தெரியும். இந்த வகை நாவல்களின் பாதி இன்பம் ‘இது அதுவல்லவா!’ என்று கண்டுகொள்வதில் இருக்கிறது.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இங்க்ரி, எட்கர் டோலேர் தம்பதியரின் படப்புத்தகம் போதும். 1967இல் வந்தது. இப்போது ‘டோலேர்ஸ் புக் ஆஃப் நார்ஸ் மித்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கிறது. இங்க்ரி நார்வேயில் பிறந்தவர். பக்கம் முழுக்க விரியும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டால் அரக்கர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நான் கொடுப்பது கெவின் கிராஸ்லி-ஹாலண்டின் ‘தி நார்ஸ் மித்ஸ்’. 1980இல் வந்த இந்த நூலில் 32 கதைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கதைக்கும் பின்னால் விரிவான குறிப்பு உண்டு. குறிப்புகளை முதல் வாசிப்பில் தாண்டிவிடச் சொல்லுங்கள். கதையைப் படித்துவிட்டு அவர்களே குறிப்பைத் தேடிப் போகும் நாள் வரும்.

நான்காம் படி: ஆளுக்கேற்ற நாவல்

சிரித்துக்கொண்டே படிக்க விரும்புகிறவருக்கு, ஆங்கிலத்தில் இப்போதுதான் வேகம் பிடிக்கிறவருக்கு, ரிக் ரியோர்டனின் ‘மேக்னஸ் சேஸ்’ வரிசையைக் கொடுங்கள். மூன்று நூல்கள்: ‘தி சோர்டு ஆஃப் சம்மர்’ (2015), ‘தி ஹாமர் ஆஃப் தோர்’ (2016), ‘தி ஷிப் ஆஃப் தி டெட்’ (2017). அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெருக்களில் வீடில்லாமல் திரியும் மேக்னஸ் என்ற சிறுவன் தொடக்கத்திலேயே இறந்துபோகிறான். கண் விழிக்கும் இடம் வல்ஹல்லா. வீரமரணம் அடைந்தவர்கள் போய்ச்சேரும் அந்த மண்டபம் இங்கே ஒரு ஹோட்டல்.

இந்த வரிசையை நான் விரும்புவதற்குக் காரணம் நகைச்சுவை மட்டும் அல்ல. நாயகன் சண்டைக்காரன் இல்லை. அவன் வளத்தின் தெய்வமான ஃபிரேயின் மகன், குணப்படுத்துவதுதான் அவன் வரம். எல்ஃப் என்ற மாய இனத்தைச் சேர்ந்த, காது கேளாத ஒருவன் சைகை மொழியில் பேசுகிறான், நண்பர்கள் அவனோடு அதே மொழியில் பேசுகிறார்கள். லோக்கியின் மகளான சமீரா ஹிஜாப் அணியும் முஸ்லிம் பெண், இறந்த வீரர்களை வல்ஹல்லாவுக்கு அழைத்துச் செல்லும் வால்கிரியாகவும் இருக்கிறாள். தந்தையின் பெயரால் தன்னை எடைபோடுகிறவர்களிடையே அவள் தலைநிமிர்ந்து நடப்பதைப் படித்தபோது எனக்கு மீண்டும் அந்த ஓநாய் நினைவுக்கு வந்தது. இரண்டாவது நூலுக்கு, பாலினச் சிறுபான்மையினரைப் பற்றிய நூல்களுக்குத் தரப்படும் ஸ்டோன்வால் விருது 2017இல் கிடைத்தது. பாலின அடையாளம் மாறிக்கொண்டே இருக்கும் அலெக்ஸ் என்ற பாத்திரம் அதில் வருகிறது. பெற்றோர் கேட்டால் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடல், கப்பல், கொள்ளை, பசி இவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவருக்கு நான்சி ஃபார்மரின் ‘தி சீ ஆஃப் ட்ரோல்ஸ்’ (2004). கதை நடப்பது கி.பி. 793இல். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடிய ஆண்டு அது. ஜாக் என்ற பதினொரு வயதுச் சிறுவனும் அவன் தங்கை லூசியும் கடத்தப்படுகிறார்கள். ஜாக் ஒரு பாணரிடம் பாட்டும் மந்திரமும் கற்றுக்கொண்டிருந்தவன். அவன் அறிவுக் கிணற்றைத் தேடி அரக்கர்களின் நாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. கூட வரும் தோர்கில் என்ற பெண்ணைப் பற்றி ஒரு சொல்: தொடக்கத்தில் அவளை யாருக்கும் பிடிக்காது. ‘இந்தப் பெண்ணை என்னால் பொறுக்க முடியவில்லை’ என்று புத்தகத்தை மூடப்போகிறவரிடம், இன்னும் நூறு பக்கம் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். கொள்ளையடிக்க வந்தவர்களை ஆசிரியர் நல்லவர்களாக மாற்றிவிடவில்லை, அரக்கர்களாகவும் ஆக்கவில்லை. பிடித்து வந்தவர்களோடு ஒரே படகில் சிரிக்கவும் நேர்கிற சிறுவனின் குழப்பம் அப்படியே இருக்கிறது. இந்தப் பட்டியலில் என் மனதுக்கு மிக நெருக்கமான நாவல் இதுதான்.

புதிர் பிடிக்கிறவருக்கு டயானா வின் ஜோன்ஸின் ‘எய்ட் டேஸ் ஆஃப் லூக்’ (1975). பழைய புத்தகம், சின்னப் புத்தகம். தன்னைச் சுமையாக நினைக்கும் உறவினர் வீட்டில் வளரும் டேவிட், கோபத்தில் வாய்க்கு வந்ததை உளற, லூக் என்ற பையன் எதிரே வந்து நிற்கிறான். அவனைத் தேடி ஒவ்வொரு நாளும் ஒருவர் வருகிறார். புதன்கிழமை வருகிறவரின் பெயர் மிஸ்டர் வெட்டிங். இதற்கு மேல் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் படித்து முடித்தவரிடம் ஒன்று சொல்லலாம், தமிழ் வாசகருக்கு அது தனிச் சுவை. ஆங்கிலக் கிழமைப் பெயர்களில் நான்கு இந்தத் தெய்வங்களுடையவை. டியூஸ்டே டீருக்கு, வெனஸ்டே ஓடினுக்கு, தர்ஸ்டே தோருக்கு, ஃப்ரைடே ஓடினின் மனைவி ஃபிரிக்குக்கு. ரோமானியர் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய கோள்களின் பெயரால் அழைத்த நாள்களை ஜெர்மானிய மக்கள் தங்கள் தெய்வங்களின் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். அதே கோள்வரிசைதான் நம் கிழமைகளிலும் இருக்கிறது. எனவே போர்க்கோளான செவ்வாய்க்கு உரிய நாளும், ஓநாயின் வாயில் கை வைத்த டீருக்கு உரிய நாளும் ஒன்றே. இதைச் சொன்னபோது ஒரு பையன் சுவரில் இருந்த நாட்காட்டியின் அருகே போய் நின்று ஒவ்வொரு கிழமையாகப் படித்துப் பார்த்தான்.

உலகம் முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறவருக்கு ஜோன் ஹாரிஸின் ‘ரூன்மார்க்ஸ்’ (2007). ரக்னரோக்குக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் கதை. கதை சொல்வதும் கனவு காண்பதுமே குற்றமாகிவிட்ட காலத்தில், கையில் ரூன் என்ற பழைய நார்ஸ் எழுத்தின் குறியோடு பிறந்துவிட்ட மேடி என்ற பெண்ணை ஊரே ஒதுக்குகிறது. தடித்த புத்தகம், நடுவில் கொஞ்சம் சுற்றும். பழைய கதைகள் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். தெரியாதவர் பாதி முகங்களைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடுவார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்க்களத்தையும் குலப்பகையையும் விரும்பும் பதினாறு வயதுக்கு மேற்பட்டவருக்கு ஏட்ரியன் யங்கின் ‘ஸ்கை இன் தி டீப்’ (2018). இறந்துவிட்டதாக நினைத்த அண்ணனை எதிரிப் படையில் பார்க்கிறாள் நாயகி. இதில் வைக்கிங் வாழ்க்கையின் சாயல் உண்டு, ஓடினும் தோரும் வருவதில்லை. நார்வே எழுத்தாளர் சிரி பெட்டர்சனின் ‘ஓடின்ஸ் சைல்டு’ நார்வே மொழியில் 2013இல் வந்தது, ஆங்கிலத்தில் 2021இல். எல்லாருக்கும் வால் இருக்கும் உலகத்தில் வால் இல்லாமல் பிறந்த ஹிர்காவின் கதை. புராணம் இதில் தொலைவில் ஒலிக்கும் எதிரொலி மட்டுமே. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஃபிரான்செஸ்கா சைமனின் ‘தி ஸ்லீப்பிங் ஆர்மி’ (2011). பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் லூயிஸ் சதுரங்கக் காய்கள் உயிர்பெறுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் கடல்யானைத் தந்தத்தில் செதுக்கிய அந்தக் காய்களின் படத்தைப் புத்தகத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். தன் கேடயத்தின் விளிம்பையே பல்லால் கடித்துக்கொண்டு நிற்கும் வீரனைப் பார்த்தவர்கள் கதையைப் பாதியில் விடுவதில்லை.

ஓநாயின் தாயைப் பற்றிக் கேட்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் வளர்ந்தவர்களாக இருந்தால் ஜெனவீவ் கோர்னிசெக்கின் ‘தி விட்ச்சஸ் ஹார்ட்’ (2021) இருக்கிறது. ஆங்கர்போடாவின் பக்கம் நின்று எழுதிய நாவல். இது பெரியவர்களுக்கானது, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பெயர்களையும் படங்களையும் தெளிவாக்குங்கள்

பெயர்களில் தடுக்கி விழுந்தவர்களே அதிகம். ஓர் அட்டையில் பத்துப் பெயர்களைத் தமிழில் எழுதி, எதிரே உறவையும் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுக்கிறேன். ஓடின், அவர் மனைவி ஃபிரிக், மகன்கள் தோர், பால்டர். லோக்கி, அவன் பிள்ளைகள் மூவர். ஃபிரே, அவன் தங்கை ஃபிரேயா. இது போதும். ஃபிரிக்கும் ஃபிரேயாவும் வெவ்வேறு பெண்கள் என்று அடியில் கோடிட்டு எழுதுங்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஓடினின் பெயரில் நடுவில் வரும் பழைய எழுத்தின் ஒலி, நாம் ‘அது’, ‘இது’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘த’வுக்கு அருகில் நிற்பது. அந்தக் கணக்கில் ‘ஓதின்’ என்பதே மூலத்துக்கு நெருக்கம். கவிதைக்கும் மந்திரத்துக்கும் உரிய தெய்வத்தின் பெயர் நம் காதில் ‘ஓதினால்’ என்று விழுவது ஒலியின் தற்செயல்தான். இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

படம் பார்த்து வந்தவர்களுக்கு மூன்று திருத்தங்கள் தேவைப்படும். தோருக்குச் செந்தாடி, பொன்னிற முடி படத்தில் மட்டும்தான். லோக்கி தோரின் தம்பி அல்ல, ஓடினோடு இரத்தம் கலந்து சகோதர உறவு ஏற்றவன். ஹெல் ஓடினின் மகள் அல்ல, லோக்கியின் மகள். இவற்றைப் படத்தின் பிழை என்று சொல்லி அவர்கள் ஆர்வத்தைக் குலைக்க வேண்டாம். கதையை அவரவர் மாற்றிச் சொல்வது இந்த மரபில் எப்போதும் நடந்ததுதான். ஒன்பது உலகங்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன, ஆனால் ஒன்பதின் பெயரையும் ஒழுங்காக வரிசைப்படுத்தும் பட்டியல் அவற்றில் எங்கும் இல்லை. இன்று சுவரொட்டிகளில் காணும் பட்டியல்கள் பின்னால் சேர்த்துக் கட்டியவை.

ஆறாம் படி: மூலநூலுக்கு அழைத்துச் செல்லுங்கள்

இரண்டு நாவல் படித்தவர் ‘இதெல்லாம் உண்மையில் எங்கே எழுதியிருக்கிறது?’ என்று கேட்பார். கேட்கும்வரை காத்திருங்கள். நான் செய்த தவறு அவசரப்பட்டதுதான்.

நமக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அந்தத் தீவு கிறிஸ்தவத்தை ஏற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள். ஸ்னோரி ஸ்துர்லுசன் என்ற அரசியல்வாதி, கவிஞர், 1220ஐ ஒட்டி ‘உரைநடை எட்டா’வை எழுதினார். இளம் கவிஞர்களுக்குப் பழைய உவமைகள் புரியாமல் போகின்றனவே என்ற கவலை அவருக்கு. தங்கத்தைச் ‘சிஃபின் கூந்தல்’ என்று ஒரு கவி பாடினால், தோரின் மனைவி சிஃபின் முடியை லோக்கி வெட்டியதும், அதற்கு ஈடாகக் குள்ளர்கள் பொன்முடி செய்ததும் தெரிந்தவருக்குத்தானே பொருள் விளங்கும்? அந்த அரசியலே அவர் உயிரைக் குடித்தது. 1241இல் ரெய்க்ஹோல்ட்டில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார்.

செய்யுள் எட்டாவின் முதன்மையான கையெழுத்துப் பிரதி 1270களில் எழுதப்பட்ட சின்னத் தோல் ஏடு. 45 இதழ்கள் எஞ்சியிருக்கின்றன, எட்டு இதழ்கள் தொலைந்துவிட்டன. 1643இல் ஒரு கிறிஸ்தவ ஆயரின் கைக்கு வந்து, பிறகு டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டது. 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கப்பலில் ரெய்க்யவிக் துறைமுகத்துக்குத் திரும்பியபோது ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். ஒரு நாடு ஒரு புத்தகத்தை வரவேற்கத் துறைமுகத்துக்குப் போனது என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஸ்னோரியின் நூலில் ‘கில்ஃபகின்னிங்’ பகுதி. மாறுவேடத்தில் வரும் ஓர் அரசன் கேள்வி கேட்க, மூவர் பதில் சொல்லும் எளிய நடை. ஃபென்ரிரின் கதை முழுதாக இருப்பது இங்கேதான். அடுத்து செய்யுள் எட்டாவில் ‘த்ரிம்ஸ்க்விதா’. திருட்டுப்போன சுத்தியலை மீட்கத் தோர் மணப்பெண் வேடம் போட்டு அரக்கன் வீட்டுக்குப் போகிறான். பந்தியில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்றுவிட, ‘உங்களைப் பார்க்கும் ஆவலில் எட்டு இரவாகச் சாப்பிடவில்லை’ என்று தோழிவேடத்தில் இருக்கும் லோக்கி சமாளிக்கிறான். சத்தமாக வாசிக்க இதைவிட நல்ல பாட்டு கிடையாது. பிறகு ‘ஹாவமால்’, ஓடின் சொல்லும் அறிவுரைகள். விருந்தினருக்கு நெருப்பும் உணவும் உலர்ந்த துணியும் வேண்டும் என்று குளிர்நாட்டுக்காரர் சொல்லும் நெறி அதில் இருக்கிறது. ‘தி ஷிப் ஆஃப் தி டெட்’ படித்தவர்களுக்கு ‘லோகசென்னா’வைக் கொடுங்கள். ஒரு விருந்தில் லோக்கி எல்லாத் தெய்வங்களையும் வரிசையாக வசைபாடும் பாட்டு அது. நாவலில் வரும் வசைப்போட்டிக்கு வேர் இங்கேதான். உலகத்தின் தோற்றத்தையும் முடிவையும் பாடும் ‘வோலுஸ்பா’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பில் ஜாக்சன் கிராஃபோர்டின் செய்யுள் எட்டா (2015) இன்றைய ஆங்கிலத்தில் தெளிவாக ஓடும். கரோலின் லாரிங்டனின் மொழிபெயர்ப்பில் குறிப்புகள் சிறப்பு. காசு செலவழிக்க முடியாதவருக்கு ஹென்றி ஆடம்ஸ் பெல்லோஸ் 1923இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடை பழையது, ஆனால் நேர்மையானது.

‘தி ஹாபிட்’ படித்தவர் யாராவது இருந்தால் வோலுஸ்பாவில் வரும் குள்ளர்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டுங்கள். டோல்கீனின் குள்ளர்களில் பெரும்பாலோர் அங்கே நிற்பார்கள். கேண்டால்ஃப் என்ற பெயரும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: சொல்லிக் கொடுக்க வேண்டிய எச்சரிக்கைகள்

செய்யுள் எட்டா முழுவதும் பிள்ளைகளுக்கானது அல்ல. ‘வோலுண்டர்க்விதா’ என்ற பாட்டில் சிறுவர்களைக் கொல்வதும் பெண்ணுக்கு இழைக்கும் கொடுமையும் வருகின்றன. லோகசென்னாவின் வசைகளில் பாதி உடலுறவு பற்றியவை. பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் பாட்டுகளைத் தேர்ந்து கொடுங்கள்.

ரூன் எழுத்துகளை நாஜிகள் தங்கள் எஸ்.எஸ். படையின் சின்னமாக்கினார்கள். இன்றும் இனவெறிக் கூட்டங்கள் இந்தச் சின்னங்களைத் தூக்கித் திரிகின்றன. பிள்ளைகள் ரூன் பதக்கம் வாங்கவும் கையில் வரையவும் ஆசைப்படுவார்கள். தடுக்காதீர்கள், ஆனால் இந்த வரலாற்றை ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள். தன் அறிவுக்காக ஒரு கண்ணையே கிணற்றில் போட்ட ஓடினின் கதையை, அறிவைக் கண்டு அஞ்சியவர்கள் திருடிக்கொண்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எட்டாம் படி: கொடுத்த பிறகு

எப்போது முடிப்பாய் என்று கேட்காதீர்கள். எங்கே இருக்கிறாய் என்று கேளுங்கள். ஐம்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுங்கள். நாவலை முடித்தவரிடம் ‘பிடித்ததா?’ என்பதைவிட, ‘பழைய கதையில் இல்லாத எதை இவர் சேர்த்திருக்கிறார்?’ என்று கேட்டால் பேச்சு நீளும். நாங்கள் ஐந்தாறு பேர் கூடும்போது உவமை விளையாட்டும் உண்டு. கப்பலை ‘அலையின் குதிரை’ என்றும் கவிதையை ‘ஓடினின் மது’ என்றும் அந்தக் கவிகள் பாடியது போல, வீட்டிலிருக்கும் ஒரு பொருளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்க வேண்டும். மழைநாளில் ஒரு சிறுமி குடையைக் ‘கைப்பிடித்த கூரை’ என்றாள்.

கடைசியாக வோலுஸ்பா. இதை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே வாசித்துக் காட்டுங்கள். முழுவதும் வேண்டாம். சூரியன் கறுத்து, நிலம் கடலில் மூழ்கும் இடத்திலிருந்து தொடங்கினால் போதும். நிலம் மறுபடி பசுமையாக எழுகிறது. அருவி விழுகிறது, கழுகு மேலே பறந்து மலையோரத்தில் மீன் பிடிக்கிறது. பிழைத்தவர்கள் புல்வெளியில் கூடி, நடந்ததையெல்லாம் நினைத்துப் பேசுகிறார்கள். அப்போது புல்லுக்குள் பொன்னாலான விளையாட்டுக் காய்கள் கிடக்கக் காண்கிறார்கள். முந்தைய காலத்தில் அவர்களின் மூத்தவர்கள் வைத்து விளையாடிய அதே காய்கள். அந்தச் செய்யுளோடு நிறுத்திப் புத்தகத்தை மூடுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும்.